ஒற்றை இன்ஜினுக்கு வெள்ளைப் பூ

அத்தியாயம் 17

போன வாரம் சுந்தரபாண்டி காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் எழுந்து போனார் அல்லவா? கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் மகள் நினைத்தாள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். கோபம் எல்லாம் இல்லை. மனிதர் பூப் பறிக்கப் போயிருந்தார்.

அந்தப் பூவுக்கு ஒரு முன்கதை உண்டு.

சுந்தரபாண்டி ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். தென்காசியில் வீடு, உலகம்மை என்று ஒரு மனைவி, இசக்கிசெல்வி என்று ஒரே மகள். செல்வி மதுரையில் பல் டாக்டர். வாரம் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்து அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் வானத்தைப் பார்க்கப் போனாள். இரண்டு வருஷத்தில் விமானம் ஓட்டுகிற லைசென்சோடு வந்து நின்றாள். இப்போது அவளோடு பயிற்சி எடுத்த மூன்று பேர் சேர்ந்து, நாலு சீட்டு உள்ள ஒரு பழைய விமானத்தை வாங்குகிறார்கள். நாலாவது பங்கு அவளுக்கு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

பங்குக்குப் பணம் வர வழி, குத்துக்கல்வலசையில் அவளுக்கென்று அப்பா வாங்கிப் போட்ட மனை. வாங்க ஆள் தயார், பத்திரம் தயார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த சுந்தரபாண்டி, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"எத்தன இன்ஜின்?"

"ஒண்ணுப்பா."

பேனாவை மூடிவிட்டார்.

சுந்தரபாண்டிக்கு எதுவும் இரண்டு வேண்டும். வாசலுக்கு இரண்டு பூட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா, மழைக்கு இரண்டு குடை. ஊரே கேலி செய்யும். ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் மச்சினனின் பழைய ஜீப்பில் புளியரை மலைப்பாதையில் இறங்கும்போது கால் பிரேக் பிடிக்கவில்லை. கை பிரேக்கை இழுத்ததில் ஜீப் பள்ளத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின் சீட்டில் ஒன்பது வயது செல்வி முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அந்த இரண்டாவது பிரேக் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்? அதை அவர் இன்றுவரை முழுசாக நினைத்துப் பார்த்ததில்லை. பாதியிலேயே எழுந்து போய்விடுவார்.

அப்பாவும் மகளும் மூன்று நாளாக முறைத்துக்கொண்டதைப் பார்த்து, உலகம்மைதான் ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. பண்பொழி முருகன்ட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். செவப்பு வந்தா ரெட்டை இன்ஜின், இவ இந்தப் பங்க விட்டுறணும். வெள்ளை வந்தா ஒத்தை இன்ஜின், நீங்க மூச்சு விடாம கையெழுத்துப் போடணும்."

"எனக்குப் பூவுல நம்பிக்கை கெடையாதும்மா" என்றாள் செல்வி.

"ஒனக்கு இல்லாட்டா என்ன? பூவுக்கு ஒம்மேல இருக்கும்" என்று உலகம்மை பேச்சை முடித்துவிட்டாள்.

ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சுந்தரபாண்டி கொல்லையில் நிற்கிறார். சாரல் பூப்பூவாகத் தூறுகிறது. இந்தப் பக்கம் செவ்வரளி, அந்தப் பக்கம் நந்தியாவட்டை. இரண்டும் பூத்துக் குலுங்குகின்றன. இதில் ஒன்று, அதில் ஒன்று பறித்து, வாழை இலையில் தனித்தனியாக மடித்து, நாரால் கட்ட வேண்டும். சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். இதுதான் முறை.

சுந்தரபாண்டி ஒரு செவ்வரளியைப் பறித்துக் கட்டினார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நந்தியாவட்டைப் பக்கம் திரும்பாமலே இன்னொரு செவ்வரளிக் கொப்பை ஒடித்தார்.

முப்பத்து நாலு வருஷ சர்வீசில் ஒருத்தரிடம் ஒரு டீ வாங்கிக் குடித்தவரில்லை. அந்த மனிதர் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டிவிட்டு, "முருகா, பெத்தவன் பயம் ஒனக்குத் தெரியாதா? நீயும் கோவிச்சுக்கிட்டு மலையேறுன பிள்ளதான்" என்று முனகினார். முருகனையே துணைக்குச் சேர்த்துக்கொண்டதில் பாதிப் பாவம் குறைந்தது போல இருந்தது.

காரில் ஏறியதும் உலகம்மை கேட்டாள்.

"குடை எடுத்தீயளா?"

"ரெண்டும் டிக்கியில கெடக்கு."

"ஒண்ணுதான் கெடக்கு. நான் பாத்தேன்."

சுந்தரபாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒற்றைக் குடையோடு மலையேறுவதா? பூக்கூடையை மனைவி மடியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். அங்கே தேடி இங்கே தேடி, கடைசியில் குடை கட்டில் மேல் கிடந்தது. அங்கே எப்படிப் போனது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

பண்பொழியில் கார் போகிற பாதை இருந்தும், படியேறித்தான் வருவேன் என்று உலகம்மை பிடிவாதம் பிடித்தாள். அடிவாரத்தில் அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவதற்குள் செல்வி கூடையை வாங்கிக்கொண்டாள்.

"குடுங்கப்பா, நான் தூக்கிட்டுப் போறேன். நீங்க பையப் பைய ஏறி வாங்க."

அவள் பூக்கடைப் பக்கம் கொஞ்சம் நின்றுவிட்டு, விறுவிறுவென்று படியேறிப் போனாள். மகள் தன் மேல் வைத்திருக்கும் பாசத்தை நினைத்து அப்பா உருகினார். பாவம் செய்தவனுக்கு யாராவது பாசம் காட்டினால் முள் மாதிரி குத்தும். நூறு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு வழியாக மேலே போய்ச் சேர்ந்தார்.

அர்ச்சகர் இரண்டு பொட்டலத்தையும் வாங்கி முருகன் காலடியில் வைத்தார். கேரளத்துப் புனலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் நின்றது. அவர்களுடைய நாலு வயதுப் பெண் குழந்தையை அர்ச்சகர் கூப்பிட்டார். அது அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வெட்கப்பட்டது.

"எடுத்தோ மோளே" என்று அம்மா தள்ளிவிட்டாள்.

குழந்தை இடது பக்கப் பொட்டலத்தை எடுத்தது. சுந்தரபாண்டி கண்ணை மூடி, முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டார். எதை எடுத்தாலும் ஒன்றுதானே? கவலைப்பட என்ன இருக்கிறது?

"வெள்ளை" என்றார் அர்ச்சகர்.

கண்ணைத் திறந்தார். அர்ச்சகரின் கையில் பளிச்சென்று ஒரு நந்தியாவட்டைப் பூ.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? "அதெப்படி வெள்ளை வரும், நான் ரெண்டுமே செவப்புல்லா கட்டுனேன்" என்று சந்நிதியில் சொல்ல முடியுமா? முருகன் நேராகத் தன்னையே பார்ப்பது போல இருந்தது. ஆனாலும் போலீஸ் புத்தி போகவில்லை. சம்பவ இடத்தில் தடயத்தை விட்டுப் போகக் கூடாது என்று, பிரிக்காமல் கிடந்த மற்றப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சாமி சொல்லிட்டாவ" என்றாள் உலகம்மை. மகள் அவர் முகத்தைப் பார்க்காமல் கோயில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது பாதி வழியில் செல்வி நின்றாள். கீழே கார் பருவ நடவு முடிந்த வயல்கள், தென்னந்தோப்புகள், நடுவில் இரண்டு குளம். அவர் பார்வைக்கு அழகாகத் தெரிந்தது. அவள் வேறு எதையோ தேடினாள்.

"என்னத்தப் பாக்க?"

"எறங்க எடம்ப்பா. பழக்கமாயிட்டு. ஒத்தை இன்ஜின்ல பறக்குதவங்களுக்கு மொதல்ல சொல்லிக் குடுக்கது இதான். இன்ஜின் நின்னா விமானம் கல்லு மாதிரி விழாது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிச்சா மிதந்து மிதந்து எறங்கும். ஐயாயிரம் அடியில தென்காசிக்கு மேல நின்னுட்டுன்னு வைங்க, காத்து சரியா இருந்தா இந்த மலை அடிவாரம் வரைக்கும் வந்துரலாம். அதுக்குள்ள நல்ல தரையாப் பாத்து எறங்கணும். அந்தா, அந்த மஞ்சளாத் தெரியுத வயல் நல்லா இருக்கும்லா?"

சுந்தரபாண்டி பதறிவிட்டார்.

"ஏட்டி, அங்கன எறங்கிராத! பாக்கத்தான் காஞ்ச மாதிரி தெரியும், அடியில ஊத்து. எங்கப்பா காலத்துல ரெண்டு மாடு வயிறு வரைக்கும் புதைஞ்சிருக்கு. அந்தச் சின்னக் குன்று, பொத்தை, அதுக்குக் கெழக்க தரிசு கெடக்கு பாரு, எள்ளு வெதைப்பாவ. கட்டாந்தரை. அங்கன எறங்கு."

செல்வி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஒற்றை இன்ஜின் விமானத்துக்கு இடம் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு நாலு படி இறங்கிய பிறகுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டார்.

அடுத்தது குற்றாலம். ஐந்தருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை என்று கயிறு கட்டியிருந்தார்கள். வந்ததற்குப் பக்கத்துக் குளத்தில் படகிலாவது போவோம் என்றாள் செல்வி. உலகம்மை மிளகாய் பஜ்ஜிப் பொட்டலத்தோடு கரையில் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவும் மகளும் துடுப்புப் படகில் ஏறினார்கள். சுந்தரபாண்டி வெள்ள நிவாரணத்தில் படகு ஓட்டியவர். நாலு இழுப்பில் குளத்தின் நடுவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

வாயும் திறந்துகொண்டது.

"சாமி சொல்லியாச்சு, நான் தட்ட மாட்டேன். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது செல்வி. ரெண்டு இருந்தா, ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு கூட்டிட்டு வந்துரும்லா?"

செல்வி எழுந்து, அவருடைய வலது கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கிப் படகுக்குள் போட்டாள்.

"இது ரெட்டை இன்ஜின். ஒண்ணு நின்னு போச்சு. இப்ப கரைக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இது என்ன பெரிய சோலியா?" என்று இடது துடுப்பை ஓங்கிப் போட்டார். படகு திரும்பியது. இன்னும் பலமாகப் போட்டார். இன்னும் வேகமாகத் திரும்பியது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டது. கரையில் நின்றவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

"அண்ணாச்சி, அங்கன என்ன ராட்டினமா சுத்துதீய?" என்று படகுக்காரர் கத்தினார்.

"நல்லா இருக்க இன்ஜின்தாம்ப்பா இப்ப நம்மளைச் சுத்த விடுது" என்றாள் செல்வி. "மேல இதே மாதிரி ஒரு பக்கமா இழுக்கும். இங்கன சுத்துனா தலைதான் சுத்தும். தரையை விட்டு அப்பந்தான் கெளம்பி, வேகம் கூடாம இருக்கப்ப இப்படி ஆச்சுன்னா கவுத்துரும். அந்த நொடியில சரியான பக்கத்து மிதிக்கட்டையை மிதிச்சுச் சமாளிக்கணும். தெனம் பறக்குதவங்களுக்கு அது கை வந்துரும். அவங்களுக்கு ரெட்டை நல்லதுதான், கடல் தாண்டவும் மலை தாண்டவும் அதான் வேணும். நான் மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழமை பறக்குதவ. கையில பழக்கம் நிக்காது. பெட்ரோலும் ரெட்டை, பராமரிப்பும் ரெட்டைன்னா அந்த ரெண்டு ஞாயிறும் ஒண்ணாயிரும். பழக்கம் இன்னும் கொறையும்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"அந்த ஒண்ணையும் நிறுத்துங்க."

நிறுத்தினார். படகின் சுற்றல் மெல்ல மெல்ல அடங்கியது. பிறகு காற்று தள்ளிய பக்கமாகச் சாதுவாக நகர்ந்து, உலகம்மை உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளிக் கரையை முட்டி நின்றது.

"ஒத்தை இன்ஜின்ல பயமே இல்லன்னு சொல்ல மாட்டேம்ப்பா" என்றாள் செல்வி. "எனக்கும் பயம் உண்டு. பயந்துகிட்டேதான் ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் சரிபாத்துட்டு ஏறுதேன். நீங்க ரெண்டு தடவ பூட்டை இழுத்துப் பாப்பீயள்லா, அந்த மாதிரி."

சுந்தரபாண்டி மகளை நிமிர்ந்து பார்த்தார். ஜீப்பின் பின் சீட்டில் முறுக்குத் தின்ற பிள்ளை இல்லை இது. ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இருபது வருஷமாக நெஞ்சுக்குள் அழுத்திக்கொண்டிருந்த கனம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. பெருமையாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரலின் மேல் பழியைப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பத்திரத்தை எடுத்து மேஜையில் விரித்தார். முதல் பேனா சாரலில் ஊறிப்போய் எழுதவில்லை. இரண்டாவது பேனா எழுதியது.

"பாத்தியா? ரெண்டு வச்சிருந்தது எதுக்கு ஆச்சு!"

செல்வி சிரித்துக்கொண்டே அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். நல்ல செய்தியை நண்பர்களுக்குச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

கதை சுபமாக இத்தோடு முடிந்திருக்கும். சுந்தரபாண்டிக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்து தொலைத்ததே! விளக்கேற்றுகிற நேரத்தில் அடுக்களையில் உலகம்மை தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்த் தொண்டையைச் செருமினார்.

"ஏளா உலகம்ம. ஒரு தப்புப் பண்ணிட்டேன். ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புப் பூதான் வச்சேன். முருகன் மாத்திட்டான்."

உலகம்மை கரண்டியை நிறுத்தவில்லை.

"முருகனுக்கு வேற சோலி இல்லையா? நான்தான் மாத்துனேன்."

"நீயா?"

"நீங்க உள்ள வந்ததும் கொல்லையில போய்ப் பாத்தேன். ரெண்டு அரளிக் கொப்பு ஒடிஞ்சு கெடக்கு. நந்தியாவட்டையில மழைத்தண்ணி சொட்டுக்கூட உதிராம அப்படியே நிக்கு. இத்தன வருசம் போலீஸ்காரரோட குடும்பம் நடத்திருக்கேன், இதுகூடத் தெரியாதா? குடைய நான்தான் கட்டில் மேல வச்சேன். நீங்க அதத் தேட, செல்வி வெளிய வாறதுக்குள்ள பூவ மாத்திட்டேன்."

"அடிப்பாவி. அப்ப ரெண்டையும் வெள்ளையாக்கிட்டியா?"

உலகம்மை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை முறைத்தாள்.

"சாமி காரியத்துல அப்படிச் செய்வனா? ஒண்ணத்தான் மாத்துனேன். ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளை. எனக்கு மட்டும் பயமில்லையா? அவ பறக்கப் போறான்னு சொன்ன அன்னைலேருந்து எனக்கு ஒழுங்கா சோறு எறங்கல. ஆனாலும் கேட்டா நேராக் கேக்கணும். அவன் நேராச் சொன்னான். இப்பத்தான் எனக்கு நிம்மதி."

சுந்தரபாண்டிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்படியானால் வந்தது நியாயமான தீர்ப்புத்தான்! "பொறு, அந்தச் செவப்பையும் சாமி படத்துக்கு வச்சிருவோம்" என்று சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

இருவரும் அதையே பார்த்தார்கள். உலகம்மை பூவை எடுத்துத் திருப்பினாள்.

"இது நம்ம வீட்டுப் பூ இல்ல. நம்மது ஒத்தை. இது அடுக்கு நந்தியாவட்டை. பண்பொழி அடிவாரத்துலல்லா விக்காவ."

"ஏட்டி செல்வி!" என்று சுந்தரபாண்டி போட்ட சத்தத்தில் பழைய ஸ்டேஷன் எட்டிப் பார்த்தது.

செல்வி வந்தாள். பூவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நம்பிக்கை இல்லன்னு சொன்னேன்லாம்மா" என்று மெல்ல இழுத்தாள். "நம்பிக்கை இல்லாமத்தான் மாத்துனேன். ஒண்ணப் பிரிச்சேன், செவப்பு இருந்துச்சு. அத மட்டும்தான்..."

உலகம்மை கையைக் கழுவினாள். மேஜைக்குப் போய், கையெழுத்துக் காயாத பத்திரத்தை எடுத்தாள். பூஜை அலமாரிக்குள் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். பூட்டினாள். இரண்டாவது பூட்டையும் போட்டாள். சாவிகளை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்பனும் மகளும் சேந்து சாமிய ஏமாத்திட்டு, இந்தப் பிள்ளைய ஆகாசத்துக்கு அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். நாளைக்குக் காலைல நடை தெறந்ததும் மறுபடியும் பூக்கட்டிப் பாக்கணும். பூவ நான் கட்டுவேன், கூடைய நான் தூக்குவேன். செவப்பு வந்தா செவப்புதான்."

"உலகம்ம, ரெட்டை இன்ஜின்தாம்ளா ஆபத்து! படகுல பாத்தேல்லா? ஒத்தைதான் நமக்கு நல்லது..." என்று சுந்தரபாண்டி பதறிக்கொண்டு பின்னாலேயே போனார். காலையில் அவர் பேசிய பேச்சென்ன, இப்போது பேசுகிற பேச்சென்ன? உலகம்மை திரும்பிப் பார்க்காமல் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டாள்.

அப்பாவும் மகளும் கூடத்தில் தனியாக நின்றார்கள். நாளைக் காலை பத்து மணி வரைதான் நேரம். செல்வியின் கண் நிறைந்துவிட்டது. சுந்தரபாண்டி அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளின் காதோரம் குனிந்தார்.

"ஏட்டி, அழாத. கொல்லையில இருக்க அரளிய எல்லாம் இப்பவே பறிச்சிட்டா, நாளைக்கு உங்கம்மா செவப்புக்கு எங்கன போவா?"